ரேடியேட்டரில் கூலன்ட் குறைகிறது, ரிசர்வ் டேங்க் நிரம்பி வழிகிறது. பாட்டு போட்டால் வெப்பமானி முள் ஆடுகிறது

கேள்வி

1990-களின் தொடக்கத்தில் வந்த, இரண்டே இருக்கைகளும் மடக்குக் கூரையும் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஓராண்டாக வைத்திருக்கிறேன். நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். பேட்டரி டிக்கியில் இருக்கிறது. வாரம் ஒரு முறை, எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால், கூலன்ட் இரண்டு விரற்கடை இறங்கியிருக்கிறது. காருக்கு அடியில் இரவெல்லாம் அட்டை விரித்து வைத்தும் ஒரு சொட்டுக் கறைகூட விழவில்லை. ஆனால் ரிசர்வ் டேங்கில் மட்டும் அளவு மேல்கோட்டைத் தாண்டிக்கொண்டே போகிறது. ஆயில் மூடியின் உட்புறத்தில் வெண்ணெய் போன்ற மஞ்சள் படிவு காணப்படுகிறது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் ஆயில் தெளிவாகவே உள்ளது. ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பகுதிக்கும் சிலிண்டர் பகுதிக்கும் இடையே உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். ஒழுகலை அடைக்கும் திரவத்தை ஊற்றினால் போதும் என்கிறார் நண்பர்.

இரண்டு மாதங்களுக்கு முன் டேஷ்போர்டில் புதிய ஹெட் யூனிட்டும் (பாட்டுப் பெட்டி), கதவுகளில் புதிய ஸ்பீக்கர்களும், டிக்கியில் நான்கு சேனல் ஆம்ப்ளிஃபையரும் நானே பொருத்தினேன். அதிலிருந்து, ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ஒரு கீச்சொலி ஏறுகிறது. சத்தத்தைக் கூட்டினால், ஒவ்வொரு பேஸ் அடிக்கும் வெப்பமானி முள் ஒரு நூல் அளவு மேலே துள்ளுகிறது. எஞ்சின் உண்மையிலேயே சூடாகிறதா?

பதில் 1

எஞ்சினைப் பிரிக்கும் முன் ரேடியேட்டர் மூடியைப் பாருங்கள். அதில் இரண்டு வால்வுகள் உண்டு. சூட்டில் விரியும் கூலன்டை ஒன்று ரிசர்வ் டேங்குக்கு வெளியேற்றும். ஆறும்போது மற்றொன்று அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். இரண்டாவது வால்வு ஒட்டிக்கொண்டால், போன கூலன்ட் திரும்பி வராது. நீங்கள் ஊற்ற ஊற்ற டேங்க் நிரம்பும், ரேடியேட்டர் குறையும். நீங்கள் எழுதியிருப்பது ஏறக்குறைய இதுவேதான். மூடி அழுத்தத்தைச் சரியாகப் பிடிக்காவிட்டால் இன்னொரு கேடும் உண்டு: 1 பார் கூடுதல் அழுத்தத்தில் வெறும் தண்ணீரே சுமார் 120 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும், அந்த அழுத்தம் போய்விட்டால் 100 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

ஹெட் கேஸ்கெட் கசிந்தாலும் டேங்க் நிரம்பும் என்பதால் உங்கள் மெக்கானிக்கின் சந்தேகத்தை ஒதுக்கிவிட முடியாது. இரண்டையும் பிரித்தறியக் காலையில், மூடியைத் திறக்காமல், மேல் ரப்பர் ஹோஸைக் கையால் பிடித்துப் பாருங்கள். அது சப்பையாக ஒட்டிப்போயிருந்தால் கோளாறு மூடியில். இரவு முழுவதும் ஆறிய பின்னும் கல்லைப் போல் விறைத்திருந்தால், சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்டுக்குள் புகுந்து தங்கியிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அதை உறுதிசெய்ய, ரேடியேட்டர் கழுத்தில் வைத்துச் சோதிக்கும் நீலத் திரவம் கிடைக்கிறது. புகையிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டால் அது மஞ்சளாக மாறும். கூலன்ட் அதற்குள் உறிஞ்சப்பட்டால் சோதனை பாழாகும் என்பதால் மட்டத்தைச் சற்றே இறக்கிவிட்டுச் செய்யுங்கள்.

ஆயில் மூடியில் மட்டும் படியும் மஞ்சள் நிறம் என்னைப் பயமுறுத்துவதில்லை. குறைந்த தூரமே ஓடும் எஞ்சினில் ஈரம் ஆவியாகாமல் அங்கே படிவது வழக்கம். டிப்ஸ்டிக்கிலும் அதே பால் நிறம் வந்தால்தான் கவலைப்பட வேண்டும். அடைப்புத் திரவத்தை ஊற்றவே வேண்டாம். வெளியே ஒழுகாத காரில் அது எதை அடைக்கப் போகிறது? ஹீட்டரின் நுண்குழாய்களைத்தான் அடைக்கும்.

பதில் 2

முள் துள்ளுவதற்கும் வெப்பத்துக்கும் தொடர்பில்லை. எவ்வளவு கூலன்ட் இருந்தாலும் அது தாளத்துக்கு ஏற்பச் சூடாகாது. ஆம்ப்ளிஃபையரின் எர்த் மோசமாக இருக்கிறது என்பதே என் ஊகம். டிக்கியில் பெயின்ட் பூசிய போல்ட்டில் எர்த் ஒயரை முடுக்கினீர்களா? அப்படியானால் திரும்ப வேண்டிய கரண்ட் வேறு வழி தேடி, ஆம்ப்ளிஃபையருக்கு ஒலி சிக்னலைக் கொண்டுவரும் ஆர்சிஏ ஒயரின் வெளியுறை வழியாக ஹெட் யூனிட்டுக்கும், அங்கிருந்து டேஷ்போர்டு எர்த்துக்கும் போகும். அந்த எர்த்தையே மானிகளும் பகிர்ந்துகொண்டால் முள் ஆடுவதில் வியப்பில்லை.

மல்டிமீட்டரை டிசி வோல்டில் வைத்து, பாட்டைச் சத்தமாக ஓடவிட்டு, ஆம்ப்ளிஃபையரின் எர்த் முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே அளந்து பாருங்கள். 0.1 வோல்டைத் தாண்டக் கூடாது. பேட்டரி பக்கத்திலேயே இருப்பதால், அதன் நெகட்டிவ் முனைக்கே தடித்த ஒயரை இழுத்துவிடுங்கள். பாசிட்டிவ் ஒயரில் பேட்டரியை ஒட்டி ஃபியூஸ் இல்லையென்றால், இன்று இரவே போடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஆம்ப்ளிஃபையர் வாங்கியதைக் குறையாகச் சொல்லவில்லை. ஹெட் யூனிட் பெட்டியில் 50 வாட் என்று அச்சடித்திருந்தாலும், 14.4 வோல்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கணக்குப்படி சேனலுக்கு 26 வாட்டுக்கு மேல் தூய ஒலி எழாது. கூரையை மடக்கி ஓட்டும் காரில் அது காற்றோடு போய்விடும்.

பதில் 3

ஒரு சிறு எச்சரிக்கை: புதிய மூடி வாங்கும்போது பழைய மூடியில் பொறித்த அழுத்த எண்ணையே கேளுங்கள். அதிக எண் நல்லது என்று நினைத்து மாற்றினால், பழைய ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி விரிசல் விடலாம். கூலன்டின் நிறத்தை நம்பி வேறு வகையைக் கலக்க வேண்டாம். நிறம் வெறும் சாயம்தான்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. மறுநாள் காலை மேல் ஹோஸ் பெல்ட்டைப் போல் தட்டையாகக் கிடந்தது. அதே அழுத்தத்தில் புதிய மூடி போட்டு மூன்று வாரங்களாகின்றன, அளவு இறங்கவில்லை. நீலத் திரவமும் நீலமாகவே இருந்தது. எர்த்தில் 0.8 வோல்ட் காட்டியது. பேட்டரிக்கே ஒயர் இழுத்த பின் 0.03. முள் அசையவில்லை. கீச்சொலி மட்டும் மெல்லியதாக மிச்சமிருக்கிறது.

பதில் 2 எழுதியவர்

டிக்கியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் தடித்த பேட்டரி கேபிள் காரின் எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று பாருங்கள். உங்கள் ஆர்சிஏ ஒயரும் அதே பக்கத்தில் கம்பளத்துக்கு அடியில் படுத்திருந்தால், அதை மறுபக்கத்துக்கு மாற்றுங்கள்.