மறு: ஸ்லாவிய மொழிகளில் காணாமல் போகும் உயிருக்கு என்ன பெயர்?

ஐயா, வணக்கம்.

ரஷ்யன், போலிஷ், செக் போன்ற ஸ்லாவிய மொழிகளில் சொல்லின் வடிவம் மாறும்போது சில உயிர்கள் காணாமல் போகின்றனவே, அவற்றுக்குத் தமிழ்ப் பெயராக நீங்கள் சொன்ன 'குற்றியலுயிர்' எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. பழைய ஸ்லாவியத்தில் 'யெர்' என்ற மிகக் குறுகிய உயிர்கள் இரண்டு: ஒன்று குறுகிய இகரம், மற்றது குறுகிய உகரம். நம் குற்றியலிகரமும் குற்றியலுகரமும் அங்கே போய் உட்கார்ந்த மாதிரிதான் இருக்கிறது. ஆனால் நான் மொழிபெயர்க்கும் கட்டுரை இன்றைய மொழிகளைப் பற்றியது. சிக்கல் அங்கேதான்.

ரஷ்ய மொழியில் 'சோன்' என்றால் தூக்கம். 'தூக்கத்தின்' என்று வேற்றுமை ஏற்றினால் 'ஸ்னா'. நடுவில் இருந்த உயிரைக் காணோம்! இருக்கும்போது அது முழு உயிர்; இல்லாதபோது அறவே இல்லை. அரை மாத்திரைப் பேச்சுக்கே இடமில்லை. போலிஷிலும் இதே கதை: நாய் 'பியெஸ்', நாயின் 'ப்சா'. அதனால் 'குற்றியல்' பழைய யெருக்கு மட்டும் இருக்கட்டும்.

'மறையுயிர்' என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். மறை என்றதும் வேதம் வந்து குறுக்கே நிற்கிறது, வேண்டாம்.

என் பரிந்துரை 'ஓடுயிர்'. ரஷ்ய இலக்கணத்தில் இதற்குப் பெயரே 'தப்பியோடும் உயிர்'தான். நன்னூலும் 'உயிர்வரின் உக்குறள் மெய்விட் டோடும்' என்கிறதே! அடுத்து உயிர் வந்தால் குற்றியலுகரம் தன் மெய்யை விட்டு ஓடிவிடுமாம். நாடு + இல்லை, நாடில்லை. இரண்டு ஊர் இலக்கணக்காரருக்கும் ஓட்டம்தான் தோன்றியிருக்கிறது.

ஒரு வேறுபாடு உண்டு. நம் உகரம் எப்போது ஓடும் என்று விதி போட்டுச் சொல்லிவிடலாம். ரஷ்ய மொழியில் மூக்கு 'நோஸ்', மூக்கின் 'நோசா'. இங்கே உயிர் அசையவே இல்லை. சோன், நோஸ் இரண்டிலும் கேட்பது ஒரே உயிர். எது ஓடும், எது நிற்கும் என்று காதால் கண்டுபிடிக்க முடியாது. மொழியியல் கோட்பாட்டாளர்கள் மல்லுக்கட்டுவது இதற்காகத்தான். லைட்னர் 1965இல் தம் ஆய்வேட்டில் பழைய யெர்களை இன்றைய ரஷ்யச் சொற்களுக்கு அடியிலும் வைத்துப் பார்த்தார். ரூபாக் 1986இல், இவை சொல்லில் ஒலிப்பதற்கான மாத்திரை இடம் கிடைக்காமல் மிதக்கும் உயிர்கள் என்றார்.

அப்புறம், பழைய யெர்களில் எது மறைந்தது, எது முழு உயிராக நின்றது என்பதற்குச் செக் அறிஞர் ஹவ்லீக் 1889இல் சொன்ன கணக்கு. சொல்லின் கடைசியிலிருந்து யெர்களை எண்ண வேண்டும்; ஒற்றைப்படை விழும், இரட்டைப்படை நிற்கும். நடுவில் முழு உயிர் வந்தால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். செருப்புத் தைப்பவருக்குச் செக்கில் 'ஷ்வெத்ஸ்', வேற்றுமையில் 'ஷெவ்த்செ'. வகரத்துக்குப் பின்னால் இருந்த எகரம் முன்னால் வந்துவிட்டது பாருங்கள். இதற்கும் 'ஓடுயிர்' பொருந்துகிறது.

ஓடுயிர் என்றதும் வீட்டில் ஒருவர் "ஆமையா?" என்று கேட்டார். ஓடு உள்ள உயிராம்! அந்தக் குழப்பம் வரும் என்றால் 'ஓடுமுயிர்' என்று விரித்துக்கொள்ளலாம். நீளம் கூடுவதுதான் எனக்கு உறுத்துகிறது. உங்களுக்கு எது சரி என்று படுகிறது?