எந்த 3ஆம் பக்கம்?

குழு: நம் அடுக்ககம், 48 வீடுகள்

சனிக்கிழமை

செயலாளர் (8:05): எல்லோருக்கும் வணக்கம். அடுத்த ஞாயிறு பொதுக்குழு. உறுப்பினர் பட்டியல், வரவு, செலவு, நிலுவை நான்கு ரிப்போர்ட்டும் தயார். நம் கணக்கு முழுக்க மைக்ரோசாஃப்ட் அக்சஸ் என்ற தரவு மென்பொருளில் இருப்பதால் ஒரு பட்டனைத் தட்டினால் வந்துவிடுகிறது. இன்றே பிரிண்டுக்குக் கொடுத்துவிடலாமா?

ஏ4 டீச்சர் (8:11): சார், அதற்கு முன் ஒரு வார்த்தை. போன வருடம் நடந்தது நினைவிருக்கிறதா? நீங்கள் மைக்கில் "3ஆம் பக்கம் பாருங்கள்" என்றீர்கள். பாதிப் பேர் வரவில் 3ஆம் பக்கத்தைப் பார்த்தோம், பாதிப் பேர் செலவில். லிஃப்ட் பராமரிப்புச் செலவைப் பற்றி அரை மணி நேரம் சண்டை போட்ட பிறகுதான் டி1 மாமா கையில் இருந்தது உறுப்பினர் பட்டியல் என்று தெரிந்தது.

டி1 மாமா (8:13): கையில் கொடுத்ததைத்தானே நான் படிக்க முடியும்?

பி3 அக்கா (8:15): இந்தத் தடவை நான்கையும் ஒரே புத்தகமாகப் போடுங்கள் சார். முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை ஒரே எண் வரிசை.

செயலாளர் (8:40): அது சுலபம். நான்கு பிடிஎஃப்பையும் ஒட்டிவிட்டேன். பாருங்கள்.
📎 பொதுக்குழு அறிக்கை

ஏ4 டீச்சர் (8:52): ஒட்டியிருக்கிறீர்கள், ஆனால் எண் அப்படியேதான் இருக்கிறது. 4 முடிந்ததும் மறுபடி 1. மொத்தம் நான்கு முதல் பக்கங்கள். செலவின் கடைசித் தாளில் ஒரே ஒரு வரி, "மோட்டார் காயில் கட்டியது". அதற்கு ஒரு முழுத் தாளா?

சி2 தம்பி (9:02): சார், பிடிஎஃப்பை ஒட்டுவது நான்கு நோட்டை ஒரு கயிற்றில் கட்டுவது போலத்தான். ஒவ்வொரு ரிப்போர்ட்டும் தனியாகப் பிறந்தபோதே தன் பக்க எண்ணைப் போட்டுக்கொண்டுவிட்டது. அக்சஸிலேயே ஒரு காலி ரிப்போர்ட் திறந்து, அதன் டீடெய்ல் என்ற நடுப்பகுதிக்குள் நான்கையும் சப்ரிப்போர்ட்டாக, அதாவது உள் ரிப்போர்ட்டாக, ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் ஒன்று முடிந்த இடத்திலேயே அடுத்தது தொடங்கும். வெளி ரிப்போர்ட்டுக்கு எந்த டேபிளும் இணைக்கக் கூடாது. இணைத்தால் ஒவ்வொரு பதிவுக்கும் நான்கும் திரும்பத் திரும்ப வரும், 48 புத்தகம் ஆகிவிடும்.

பி3 அக்கா (9:04): எண்?

சி2 தம்பி (9:05): வெளி ரிப்போர்ட்டின் பேஜ் ஃபுட்டரில், அதாவது பக்கத்தின் அடிப்பகுதியில், ஒரே இடத்தில் போட்டால் போதும். மதியம் உட்கார்ந்து செய்கிறேன்.

செயலாளர் (9:06): செய்யப்பா. பாஸ்வேர்டு தனியாக அனுப்புகிறேன், இங்கே போடவில்லை.

சி2 தம்பி (14:30): முதல் அச்சு வந்துவிட்டது. எண் சரி. ஆனால் பட்டியல்களின் தலைப்பு வரியைக் காணோம். தேதி, ரசீது எண், தொகை என்று மேலே இருக்குமே, அது.

ஏ4 டீச்சர் (14:33): தலைப்பு இல்லாமல் வெறும் எண்களா? மாமா மறுபடி லிஃப்டை ஆரம்பித்துவிடுவார்.

சி2 தம்பி (14:41): காரணம் தெரிந்துவிட்டது டீச்சர். சப்ரிப்போர்ட் ஆனதும் அதன் பேஜ் ஹெடரும் பேஜ் ஃபுட்டரும் அச்சாகாது, வெளி ரிப்போர்ட்டுடையது மட்டும்தான். ரிப்போர்ட் ஹெடருக்கு மாற்றினால் தலைப்பு வரும், ஆனால் ஒரே ஒரு தடவை. பட்டியல் அடுத்த பக்கத்துக்குப் போனால் மறுபடி மொட்டையாக இருக்கும். அதனால் ஒவ்வொன்றிலும் =1 என்று ஒரு பொய்க் குரூப் உருவாக்கி, தலைப்பை அந்தக் குரூப் ஹெடரில் வைத்து, ரிபீட் செக்‌ஷனை யெஸ் ஆக்கினேன். எல்லா வரிக்கும் 1 பொதுவானது என்பதால் முழுப் பட்டியலும் ஒரே குரூப். இப்போது ஒவ்வொரு பக்கத்திலும் தலைப்பு வருகிறது.

டி1 மாமா (14:50): பொய்க் குரூப் என்றால் நம் வாட்ஸ்அப் குரூப் போலவா?

சி2 தம்பி (15:40): 😂 அடுத்த தலைவலி வரவு ரிப்போர்ட். 12 மாதத்துக்கு 12 கட்டம் என்று அதைப் படுக்கை வாட்டத்தில் செய்திருந்தோம். மற்ற மூன்றும் நெடுக்கு. ஒரே ரிப்போர்ட்டுக்குள் இரண்டு வாட்டம் கலக்க முடியாது. அதனால் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மேலே, அக்டோபர் முதல் மார்ச் வரை கீழே என்று இரண்டாக உடைத்தேன்.

சி2 தம்பி (15:58): இப்போது ஒன்றுவிட்டு ஒரு பக்கம் வெற்றுத்தாள் வருகிறது.

செயலாளர் (16:00): பிரிண்டர் கோளாறா?

சி2 தம்பி (16:12): இல்லை சார், என் கோளாறு. ஏ4 தாள் 21 செ.மீ. இரண்டு ஓரத்திலும் 1.5 விட்டால் மீதி 18. அகலமான வரவைக் கழற்றிய பிறகும் வெளி ரிப்போர்ட்டின் அகலம் 24இலேயே நின்றுவிட்டது. மிச்சமுள்ள வெற்றிடத்தையும் அது அச்சடிக்கப் பார்க்கிறது. 18க்குள் இழுத்துவிட்டேன், சரியாகிவிட்டது. மொத்தம் 10 பக்கம். இருபுறமும் அடித்தால் 5 தாள், 48 பிரதிக்கு 240 தாள்.

பி3 அக்கா (17:20): தம்பி, காலையில் வந்த பிடிஎஃப்பில் கூட்டிப் பார்த்தேன். ஆரம்ப இருப்புடன் வரவைக் கூட்டிச் செலவைக் கழித்தால் வங்கிக் கணக்கை விட 4,500 குறைகிறது. நான்கும் தனித்தனியாக இருந்தபோது யாரும் கூட்டிப் பார்க்கவில்லை, அதான் தெரியவில்லை.

செயலாளர் (17:24): நான் ஒரு ரூபாய் எடுக்கவில்லை அம்மா.

பி3 அக்கா (17:25): ஐயோ சார், அப்படிச் சொல்லவே இல்லை. 4,500 என்றால் இரண்டு வீட்டுப் பராமரிப்புத் தொகை. மார்ச் 31 அன்று கட்டிய இரண்டு ரசீதும் வரவுப் பட்டியலில் இல்லை.

சி2 தம்பி (17:33): பிடித்துவிட்டேன். வரவு, செலவு, நிலுவை மூன்றும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி என்று தனித்தனியாகக் கேட்கின்றன. ஆறு தடவை தட்டச்சு செய்ய வேண்டும். வரவுக்கு மட்டும் 30 என்று விழுந்திருக்கிறது. இப்போது ஒரே ஒரு படிவத்தில் இரண்டு தேதிப் பெட்டி வைத்து, தரவைத் தேடி எடுக்கும் எல்லா க்வெரியும் அங்கிருந்தே தேதியை எடுக்கும்படி மாற்றுகிறேன். ஒரு தடவை தட்டினால் போதும். படிவத்தை மூடாமல் அச்சடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பி3 அக்கா (17:50): இப்போது பைசா சுத்தமாகப் பொருந்துகிறது 👍

டி1 மாமா (18:30): எல்லாம் சரி. நிலுவைப் பட்டியல் போன வருடம் கமிட்டிக்கு மட்டும்தானே போனது? ஒரே புத்தகம் என்றால் 48 வீட்டுக்கும் போய்விடுமே?

ஏ4 டீச்சர் (18:34): போகட்டுமே மாமா. எல்லோருடைய பணம்தானே.

பி3 அக்கா (18:41): மாமா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது டீச்சர். பெயரை எடுத்துவிட்டாலும் வீட்டு எண்ணே இங்கே பெயர்தான். புத்தகத்தில் பிளாக் வாரியாக மொத்தம் மட்டும் இருக்கட்டும். விவரம் வேண்டுபவர்கள் அலுவலகத்தில் பார்த்துக்கொள்ளலாம். உறுப்பினர் பட்டியலில் ஃபோன் எண்ணையும் எடுத்துவிடுங்கள்.

ஏ4 டீச்சர் (18:44): எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆனால் சரி.

சி2 தம்பி (19:15): மாற்றிவிட்டேன். விவர வரிகளை மறைத்ததும் பக்கம் 9 ஆகிவிட்டது, எண்கள் தாமாகவே நகர்ந்துகொண்டன. 5 தாள்தான், கடைசித் தாளின் பின்புறம் காலி. ஏ, பி, சி மூன்று பிளாக்கிலும் நிலுவை பூஜ்யம். டி பிளாக் 13,500.

டி3 பாட்டி (19:18): நான் மார்ச் வரை கட்டிவிட்டேனே கண்ணா.

டி7 (19:19): நாங்களும் கட்டிவிட்டோம்.

டி10 (19:19): நாங்களும்.

டி5 அண்ணி (19:21): எங்கள் ரசீதைப் படம் எடுத்துப் போடட்டுமா?

டி1 மாமா (19:40): செயலாளரே, சங்கத்தின் கூகுள் பே எண்ணை எனக்குத் தனியாக அனுப்புங்கள்.

செயலாளர் (19:41): அனுப்பிவிட்டேன் மாமா 🙏

சி2 தம்பி (19:43): ஒன்று மட்டும் மாமா. இன்று கட்டினாலும் புத்தகத்தில் 13,500 அப்படியேதான் இருக்கும். அது மார்ச் 31 நிலவரம்.