குளத்துக் காசும் தலியுவின் ஊர்க்காரரும்

அன்பான ஊரவர்களுக்கு வணக்கம்.

நம் ஊர்க் குளத்தைத் தூர்வார வெளிநாட்டில் இருக்கும் நாம் காசு சேர்ப்பது பற்றிய மடல்களை எல்லாம் வாசித்தேன். "காசை அனுப்பினால் கொந்தராத்துக்காரர் பார்த்துக்கொள்வார்" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். அதற்குப் பதிலாக வேறொரு ஊர்க் கதை சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை செய்யும் சமையலறையில் கோப்பை கழுவும் பெரியவர் 'தலியுவின்' என்ற ஊர்ப் பக்கத்தவர். தெற்கு மொரோக்கோவில் அண்டி அட்லஸ் மலைப்பகுதி. வட ஆப்பிரிக்காவின் பூர்வகுடி இனத்தவர்; பெர்பர் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது, அமசிக் என்றுதான் சொல்ல வேண்டும். மழை அரிதான இடம். மலைச்சரிவில் கல் அடுக்கி, மண்ணை மறித்து, வாற்கோதுமையும் வாதுமையும் குங்குமப்பூவும் வளர்க்கிறார்கள்.

அந்தப் பக்கத்து ஆண்கள் பலர் நம்மைப் போலவே பிரான்சுக்கு வந்தவர்கள். ஆல்ப்ஸ் மலையில் லார்ஜாந்தியேர் என்ற ஊரில் இருந்த அலுமினிய ஆலை 1980களின் நடுவில் மூடப்பட்டபோது வேலை இழந்தவர்களில் ஜமால் லஹுசைன் ஒருவர். அவரும் கூட்டாளிகளும் 1986இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். பெயரைத் தமிழாக்கினால் 'குடிபெயர்வும் மேம்பாடும்'. முதல் வேலை, அவருடைய சொந்த ஊரான இம்குனுக்கு மின்சாரம். அப்போது மொரோக்கோக் கிராமப்புறத்தில் ஐந்து வீட்டில் ஒன்றுக்குக்கூட மின்சாரம் இல்லை.

எனக்குப் பிடித்தது அவர்கள் வேலை செய்த விதம். வெளிநாட்டிலிருந்து காசு வரும், ஆனால் ஊரும் தன் பங்கைப் போட வேண்டும்: கொஞ்சம் காசு, மீதி உடலுழைப்பு. எது முதலில், கிணறா பள்ளிக்கூடமா, என்பதை ஊர்க்கூட்டம்தான் சொல்லும். கூடி உழைப்பதற்கு அவர்கள் மொழியில் 'திவிசி' என்று பெயர். நம்முடைய சிரமதானம்தான், சாப்பாடு உட்பட.

பழைய காலத்தில் 'அகாதிர்' என்ற பொதுக் களஞ்சியமும் இருந்ததாம். குன்றின் மேல் கோட்டை மாதிரி, குடும்பத்துக்கு ஓர் அறை, காவலுக்கு ஓர் ஆள். சில இடங்களில் அதன் சட்டங்களை மரப்பலகையில் எழுதி வைத்தார்கள். யார் யாருக்கு என்ன அபராதம் என்பது வரை! நம் சங்க யாப்பைவிடத் தெளிவு.

சரி, குங்குமப்பூ. அக்டோபர் கடைசியில் பூக்கத் தொடங்கும். வெயில் ஏறுமுன் இருட்டோடு போய்க் கிள்ள வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொரு பூவிலிருந்தும் மூன்று சிவப்பு இழைகளைப் பிரிப்பார்கள். காய்ந்த ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 150 பூ. இவ்வளவு பாடுபட்டும் நல்ல விலை நெடுங்காலம் இடைத்தரகர் கையில்தான் இருந்தது. 1979இல் ஒரு கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2010இல் தலியுவின் குங்குமப்பூவுக்குப் பிறப்பிடப் பெயர்ப் பாதுகாப்பும் (அந்தப் பக்கத்தில் விளைந்ததற்கு மட்டுமே அந்தப் பெயர்) கிடைத்தது. பெரியவருடைய தங்கை வீடு இப்போது பெயர் அச்சிட்ட சிறு டப்பாக்களில் விற்கிறது.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். வறட்சி அடிக்கடி வருகிறது. ஆழ்துளைக் கிணறு போட்டவன் பக்கத்துக் காணியின் தண்ணீரையும் இழுக்கிறான். இளசுகள் அகாதிர், மார்சேய் என்று போய்விடுகின்றன (இந்த அகாதிர் நகரம், களஞ்சியம் இல்லை). 2011 அரசியலமைப்பில் அவர்கள் மொழியான தமசிக்தும் ஆட்சிமொழியானது, 2024 முதல் அவர்களின் புத்தாண்டுக்கு அரச விடுமுறை. ஆனாலும் பெரியவரின் பேரன் அவருக்குப் பிரெஞ்சில்தான் பதில் சொல்கிறான். இதைக் கேட்டு நான் சிரிக்கவில்லை, என் வீட்டிலும் அதேதான்.

போன முறை நாம் அனுப்பிய தண்ணீர்ப் பம்பு ஏன் துருப்பிடித்தது? எங்கே வைப்பது என்று ஊரில் ஒருவரையும் கேட்கவில்லை. அதைப் பெரியவரிடம் சொன்னேன். "யார் குழி வெட்டினார்கள்?" என்று மட்டும் கேட்டார்.

ஆகவே தலைவர் அண்ணா, காசு சேர்க்குமுன் ஊரில் ஒரு கூட்டம் வைக்கச் சொல்லுங்கள். குளத்தடி வயல்காரர் எத்தனை பேர், எத்தனை நாள் மண்வெட்டியோடு வருவார்கள் என்று எழுதி அனுப்பட்டும். அதைப் பார்த்து என் பங்கைச் சொல்கிறேன். ஞாயிறு இணையக் கூட்டத்துக்கு வேலை மாற்றிக்கொண்டு வருகிறேன், கொஞ்சம் பிந்தலாம்.