மறு: டீசூப்பர்ஹீட்டருக்குச் சொல்: 'மேற்சூடு வாங்கி'?

> 'வெப்ப மீட்பி' என்றே வைத்துவிடலாமே. வீணாகும் சூட்டை மீட்பதுதானே அதன் வேலை?

ஐயா, அறைச் சூட்டைப் போர் போட்ட குழி வழியாக நிலத்துக்குள் இறக்கும் ஏசிதான் 'நிலவெப்ப ஏற்றி' (ஹீட் பம்ப்), சுருக்கமாக 'ஏற்றி'. அதில் தண்ணீருக்குச் சூடு தரும் சிறு சுருள்தான் டீசூப்பர்ஹீட்டர். 'மீட்பி' என்றால் முழுச் சூடும் திரும்பக் கிடைப்பதாகத் தோன்றும். கம்ப்ரஸரிலிருந்து வாயு 70–80 டிகிரியில் வருகிறது. திரவமாக மாறத் தொடங்குவது 40–45 டிகிரியில்தான். அந்த மேல்வாசிச் சூட்டை (சூப்பர்ஹீட்) மட்டும் இந்தச் சுருள் தண்ணீருக்குத் தருகிறது. ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. மிச்சம் போர்க்குழிக்குள் இறங்கிவிடும். 3 டன் ஏற்றி ஒன்றிலிருந்து 2 கிலோவாட் தேறும். 100 லிட்டரை 25-இலிருந்து 50 டிகிரிக்குக் கொண்டுவர ஒன்றரை மணி நேரம் ஓட வேண்டும்.

சூப்பர்ஹீட் 'மேற்சூடு' என்றால் கருவி 'மேற்சூடு வாங்கி'. 'ஒலிவாங்கி' ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளதுதானே. 'மீவெப்பம்' பாடநூலில் இருக்கட்டும், ஏசி மெக்கானிக் வாயில் வராது.

குழாய் வரைபடத்தில் 'சூடாக்கி' என்று எழுதவே கூடாது. ஓசூரில் கீழ்த்தளத்துக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று என இரண்டு ஏற்றி வைத்த வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 'சூடாக்கி' என்று கண்டால் பிளம்பர் ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தொடராக இழுத்துவிடுவார். மாடி ஏற்றி நிற்கும் நேரத்தில் அதன் சுருள் குளிர்ந்து கிடக்கும். கீழே வாங்கிய சூட்டை அது குடித்துவிடும். இரண்டையும் தனித்தனியாக, கீசருக்கு முன்னால் தண்ணீரைச் சூடேற்றி வைக்கும் ஒரே முன்சூட்டுத் தொட்டிக்கு இணைக்க வேண்டும். ஆளுக்கொரு சிறு பம்ப். திரும்பும் குழாய் ஒவ்வொன்றிலும் என்ஆர்வி. அந்த ஒருவழி வால்வு இல்லாவிட்டால் ஓடும் பம்ப் தள்ளுகிற தண்ணீர் நிற்கிற சுருள் வழியாகப் பின்னோக்கிச் சுற்றும். தொட்டியின் அடியிலிருந்து எடுத்து நடுவில் விடுங்கள். நிமிடத்துக்கு 5–6 லிட்டர் ஓடினால் ஒரு சுற்றுக்கு 5 டிகிரி ஏறும்.

முன்சூட்டுத் தொட்டியில் சூடேற்றும் மின்கம்பி போடாதீர்கள். அது தண்ணீரை 60-க்கு ஏற்றிவிட்டால் வாங்கியின் பம்ப் 'போதும்' என்று நின்றுவிடும், பிறகு வாங்க ஒன்றுமில்லை. மின்கம்பி அடுத்த கீசரில் இருக்கட்டும்.

— ஓசூர்

> ஆளுக்கொரு சிறு பம்ப். திரும்பும் குழாய் ஒவ்வொன்றிலும் என்ஆர்வி.

அண்ணே, 'மேற்சூடு வாங்கி'க்கு என் ஓட்டு உண்டு. ஆனால் தர்மபுரிப் பக்கம் போர்த் தண்ணீரை அதில் விட்டால் சுருளின் குறுகிய இடைவெளியில் உப்புப் படிந்து ஓட்டம் பாதியாகும். சுற்றுக்குக் காவிரித் தண்ணீர், அதாவது ஒகேனக்கல் குடிநீர் நல்லது, இல்லையேல் சாஃப்ட்னர் (கடின நீரை மென்னீராக்கும் கருவி). படிந்துவிட்டால் இரண்டு வால்வையும் மூடி, சிட்ரிக் அமிலக் கரைசலை வாளியிலிருந்து சுற்றவிட்டுக் கழுவலாம். அதற்கான டீ இணைப்பும் வால்வும் முதல் நாளே வைக்க வேண்டும், பிறகு சுவரை உடைப்பதா?

மேல்நிலைத் தொட்டி வீடுகளில் குழாய் நடுவே மேடு ஏறி இறங்கினால் காற்று அடைக்கும். அந்தச் சிறு பம்பால் அதைத் தள்ள முடியாது. மேட்டில் காற்றை வெளியேற்ற ஒரு ஏர் வென்ட் வையுங்கள்.

இன்னொன்று. நம்மூரில் ஏற்றி ஓடுவது குளிர்விக்கத்தான். மார்கழியில் யாரும் ஏசி போடுவதில்லை, வெந்நீர் வேண்டியதோ அப்போதுதான். ஏற்றி ஓடாத நாளில் மேற்சூடும் இல்லை; கீசர்தான் முழுப் பாடும் பட வேண்டும். இந்த வரம்பை விளக்கக் குறிப்பில் சேர்க்காவிட்டால் சொல் சரியாக இருந்தும் வாங்குபவர் ஏமாறுவார்.

'நிலவெப்ப ஏற்றி' மட்டும் உறுத்துகிறது. சூட்டைக் கீழே நிலத்துக்குள் அனுப்புவதை 'ஏற்றி' என்பதா?

— காவேரிப்பட்டினம்

அறை 25 டிகிரி, போர்க்குழியில் சுற்றும் தண்ணீர் 30-க்கு மேல். குறைந்த வெப்பநிலையிலிருந்து கூடியதற்குச் சூடு போகிறது, அதனால் 'ஏற்றி' பொருந்தும். குழாய் கீழே போவது வேறு கதை. 'புவிவெப்பம்' வேண்டாம், வெந்நீர் ஊற்று என்று நினைத்துவிடுவார்கள்.

மார்கழி வரம்பைக் குறிப்பில் சேர்க்கிறேன். என்ஆர்விக்குச் சொல் தேட வேண்டியதில்லை. கிருஷ்ணகிரிக் கடையில் அந்தப் பேரைச் சொன்னால்தான் எடுத்துத் தருவார்கள்.

— ஓசூர்