யூடிஆரில் அரசு நிலமாக மாறிய பட்டா நிலங்கள்: யார் விசாரிப்பது?

மேட்டாங்காடு
எங்க தாத்தா 1956-ல கிரயம் வாங்கின புஞ்சை, 2 ஏக்கர் 18 சென்ட். பதிவுப் பத்திரம், பழைய பட்டா, கிஸ்தி ரசீது எல்லாம் இருக்கு. யூடிஆருக்கு (நிலப் பதிவேடுகளைப் புதுப்பிச்ச திட்டம்) பிறகு வந்த அ-பதிவேட்டுல, அதாவது கிராம நிலங்களோட அடிப்படைப் பதிவேட்டுல, அந்தப் புல எண்ணுக்கு நேரா 'அனாதீனம்'னு (உரிமையாளர் இல்லாத நிலம்னு) எழுதியிருக்கு. வீட்டுல யாருக்கும் தெரியாது. தங்கச்சி கல்யாணத்துக்காகப் பாதியை விக்கப் போனப்பதான் வெளியே வந்தது. வழிகாட்டி மதிப்பு பூஜ்யம், பத்திரம் போட முடியாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.

தாசில்தாரைப் பார்த்தா டிஆர்ஓவுக்கு (மாவட்ட வருவாய் அலுவலர்) மனு போடுங்கன்னார். டிஆர்ஓ ஆபீஸ் அந்த மனுவை அறிக்கை கேட்டு தாசில்தாருக்கே அனுப்புது. அவர் விஏஓவை (கிராம நிர்வாக அலுவலர்) கேக்கறார். விஏஓ கையில இருக்கிறது அதே தப்பான அ-பதிவேடு. அதைப் பார்த்து 'அரசு நிலம், பரிந்துரைக்க இயலாது'ன்னு எழுதிக் கொடுக்கறார்.

அரசே ஒரு தரப்பா நிக்கிற தகராறை வருவாய்த் துறை விசாரிக்கக் கூடாதுங்கறது என் கருத்து. மாவட்டத்துக்கு ஒரு தனித் தீர்ப்பாயம் வேணும். மறுப்பு இருந்தா சொல்லுங்க.

ஏரிக்கரையான்
மறுப்பு இருக்கு. உங்க புஞ்சையைப் பத்தி நான் எதுவும் சொல்லல, அது நியாயமான கேஸாவே இருக்கலாம். ஆனா எங்க ஏரி உள்வாயில கல்லு நட்டு மனை போட்டிருக்காங்களே, அவங்க ஒவ்வொருத்தர் கையிலயும் உங்களை மாதிரியே பத்திரம் இருக்கு, ரசீது இருக்கு. சிலர்கிட்ட பட்டாவும் இருக்கு. நாலு தடவை கைமாறின பத்திரத்தைக் காட்டி 'பரம்பரைச் சொத்து'ங்கறாங்க. முதல் பத்திரத்தை எழுதிக் கொடுத்தவனுக்கு அந்த நிலம் எப்படி வந்ததுன்னு கேட்டா பதில் கிடையாது.

பஞ்சாப்ல ஊர்க் குளத்தை மண் கொட்டி மூடி வீடு கட்டினாங்க. பணத்தை வாங்கிக்கிட்டு அவங்களுக்கே விட்டுடலாம்னு கலெக்டர் சொன்னார். மேல்முறையீட்டுல கமிஷனர் அதை ரத்து பண்ணினார். 2011-ல ஜக்பால் சிங் வழக்குல உச்ச நீதிமன்றம் அந்த ரத்து சரிதான்னு உறுதி பண்ணிச்சு. எவ்வளவு செலவு பண்ணிக் கட்டியிருந்தாலும் வரன்முறைப்படுத்தக் கூடாதுன்னு சொல்லி, ஊர்ப் பொது நிலங்களை மீட்கத் திட்டம் போடச் சொல்லி எல்லா மாநிலத்துக்கும் உத்தரவு போட்டாங்க. தனித் தீர்ப்பாயம் வந்தா முதல் நாளே பெரிய வக்கீலை வச்சுக்கிட்டு அங்க வந்து நிக்கப் போறது மனை போட்டு வித்தவங்கதான். ஏரிக்காகப் பேச யார் வருவாங்க?

பழைய ஆர்ஐ
தம்பி மேட்டாங்காடு, யூடிஆர் நடந்தப்ப நான் வருவாய்த் துறையில வேலைக்குச் சேர்ந்த புதுசு. 1979-ல ஆரம்பிச்சு 1987 வரைக்கும் ஓடின வேலை அது. ஏக்கர், சென்ட்டை ஹெக்டேர், ஏர்ஸ் ஆக்கினது, உட்பிரிவுக்குப் புது எண் கொடுத்தது, அனுபவத்துல இருக்கிறவங்க பேரைச் சேர்த்தது எல்லாம் அப்பதான். அளக்க வந்த அன்னைக்குப் பிழைப்புக்காக வெளியூர் போயிருந்தவங்க, அப்பா இறந்தும் வாரிசுப் பேரை மாத்தாதவங்க, பயிர் வைக்காம நிலத்தைச் சும்மா போட்டிருந்தவங்க: இப்படிப்பட்டவங்க நிலத்துலதான் தப்பு அதிகம். ஆளு தெரியலைன்னா 'அனாதீனம்', இல்லைன்னா 'சர்க்கார்'னு எழுதிட்டுப் போனாங்க. அது உண்மை, மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல.

ஆனா தீர்ப்பாயம் தேவையில்லைங்கறேன். யூடிஆர் பிழையைத் திருத்த டிஆர்ஓவுக்கு அதிகாரம் இருக்கு. கோர்ட் கட்டணம் கிடையாது, வக்கீல் வேணும்னு கட்டாயம் கிடையாது. பத்திரத்தை மட்டும் நீட்டாம, யூடிஆருக்கு முந்தின பதிவேட்டு நகலை வச்சுக்கிட்டுப் போங்க. பழைய நிலவரித் திட்டப் பதிவேடுகளான எஸ்எல்ஆர் இல்லன்னா ஆர்எஸ்ஆர் நகலுக்கு கலெக்டர் ஆபீஸ் ரெக்கார்டு ரூம்ல மனு போடுங்க. அங்க இல்லைன்னா எழும்பூர் ஆவணக் காப்பகம். அதுல உங்க புல எண்ணுக்கு நேரா 'ரயத்துவாரி'ன்னும் (தனியார் பட்டா நிலம்னு அர்த்தம்) பட்டாதாரர் பேரும் இருந்தா, எந்த அதிகாரியும் சுலபமா ஒதுக்க முடியாது.

மேட்டாங்காடு
ஐயா, அந்த நகலுக்குத்தான் மனு போட்டேன். 'பதிவேடு சிதைந்த நிலையில் உள்ளதால் நகல் வழங்க இயலாது'ன்னு ஒரே வரியில பதில் வந்திருக்கு. பதிவேட்டை பத்திரமா வச்சிருக்க வேண்டியது அரசு. அது சிதைஞ்சா நஷ்டம் எனக்கா? பேரை மாத்தும்போது எங்களுக்கு ஒரு நோட்டீஸ் வரல. இப்ப அது எங்க நிலம்தான்னு நாங்க நிரூபிக்கணுமாம். இது எந்த ஊரு நியாயம்?

சிவில் சைடு
வக்கீலா ரெண்டு விஷயம் சொல்றேன். பட்டா உரிமை ஆவணம் இல்ல, அது வரி வசூலுக்கான பதிவு. கோர்ட்ல தாய்ப்பத்திரமும் (முந்தின உரிமையாளர்களோட மூலப் பத்திரம்) அனுபவமும்தான் பேசும். அதே காரணத்தால, அ-பதிவேட்டுல 'சர்க்கார்'னு எழுதிட்டா மட்டும் நிலம் அரசுக்குப் போயிடாது. இதைப் பல பேர் கவனிக்கறதில்ல.

ரெண்டாவது, 1905-ம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் வந்தா பயந்துடாதீங்க. 1982-ல தும்மல கிருஷ்ணா ராவ் வழக்குல, ஹைதராபாத் பக்கத்து ஹப்சிகூடா நிலம் சம்பந்தமா, உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லிடுச்சு: உரிமையில உண்மையான தகராறு இருந்தா, அரசு தானே அதை முடிவு பண்ணிக்கிட்டு முழு விசாரணை இல்லாம அந்தச் சட்டத்துல சுருக்கமா வெளியேத்த முடியாது, சிவில் கோர்ட்டுக்குத்தான் போகணும். ஆக, தீர்ப்பாயம் கேக்கறதுக்கு முன்னாடி இந்தத் தீர்ப்பை நடைமுறைப்படுத்தச் சொல்லிக் கேளுங்க.

டிஆர்ஓ கைவிட்டா, சிவில் நடைமுறைச் சட்டம் 80-ம் பிரிவுல ரெண்டு மாச நோட்டீஸ் கொடுத்துட்டு உரிமை விளம்புகை வழக்கு (நிலம் உங்களதுன்னு கோர்ட் அறிவிக்கக் கேக்கறது) போடலாம். நிலத்தோட மதிப்பை வச்சு கோர்ட் கட்டணம் வரும், வருஷக்கணக்கா இழுக்கும். அதையும் சொல்லித்தான் ஆகணும்.

ஏரிக்கரையான்
அந்த 1982 தீர்ப்பைத்தான் ஆக்கிரமிப்பாளர்களும் கையில வச்சிருக்காங்க. 'தகராறு இருக்கு'ன்னு ஒரு வழக்கைப் போட்டுட்டுத் தடையுத்தரவு வாங்கிடறாங்க. அப்புறம் 30 வருஷ அனுபவம்னு எதிரிடை உரிமை (நீண்ட கால அனுபவத்தால வர்ற உரிமை) கேக்கறாங்க. அந்த வழக்கு முடியறதுக்குள்ள மழைத் தண்ணி வர்ற வாய்க்கால் இருக்காது.

சிவில் சைடு
30 வருஷம் சும்மா இருந்தாலே போதும்னு இல்லைங்க. அரசுக்கு எதிராத் தொடர்ச்சியா, வெளிப்படையா அனுபவிச்சதைக் காட்டணும். மறுபக்கத்தையும் பாருங்க. இமாச்சல் ஹமீர்பூர் மாவட்டத்துல எழுதப் படிக்கத் தெரியாத ஒரு விதவையோட நிலத்தை 1967-68-ல ரோட்டுக்காக இழப்பீடு இல்லாம எடுத்துக்கிட்டாங்க. பின்னாடி அரசே அந்த நிலத்துல எதிரிடை உரிமை கேட்டுது. மக்கள் நல அரசு தன் குடிமக்கள்கிட்ட அப்படிக் கேக்கவே முடியாதுன்னு 2020-ல உச்ச நீதிமன்றம் இழப்பீடு கொடுக்க வச்சுது. ஏமாத்தறவங்க ரெண்டு பக்கமும் இருக்காங்க.

பழைய ஆர்ஐ
சேவையில இருந்த காலம் பூரா நான் பார்த்த ஒண்ணைச் சொல்றேன். தனியார் நிலத்தைச் சர்க்கார்னு எழுதினதைவிட, ஓடையைத் தரிசுன்னு மாத்தி அப்புறம் பட்டாவாக்கினது இன்னும் சுலபமா நடந்தது. ரெண்டையும் காட்டிக்கொடுக்கறது அந்தப் பழைய பதிவேடுதான். அதை ஊர் ஊரா ஸ்கேன் பண்ணி இணையத்துல போட்டா பாதித் தகராறு தாலுகா ஆபீஸ் படியேறாது. இன்னைக்கு அ-பதிவேட்டை வீட்டுல இருந்தே பார்க்க முடியுது, எஸ்எல்ஆருக்கு மட்டும் ஏன் அலையணும்?

ஏரிக்கரையான்
இதுக்கு முழுசா ஆதரவு. பழைய புலப்படத்தையும் சேர்த்துப் போடணும். ஆனா ஒரு நிபந்தனை: பழைய பதிவேட்டுல ஏரி, குளம், ஓடை, வாய்க்கால்னு இருந்தா, பத்திரம் காட்டறவர்தான் நிரூபிக்கணும். அங்க சந்தேகத்தோட பலன் தண்ணிக்குத்தான்.

மேட்டாங்காடு
நீர்நிலைக்கு அது சரி, ஒத்துக்கறேன். எங்களது மானாவாரிப் புஞ்சை, பக்கத்துல ஓடையும் இல்ல, குளமும் இல்ல. அப்ப இதே விதி திரும்பணும். எந்த உத்தரவால, எந்தத் தேதியில என் தாத்தா பேரை எடுத்தாங்கன்னு அரசுதான் காட்டணும். காட்ட முடியலைன்னா பழைய பேரு திரும்ப ஏறணும். பதிவேடு சிதைஞ்சதுன்னு வந்த கடிதத்தையும் இணைச்சு டிஆர்ஓவுக்கு மறுபடி மனு எழுதறேன். சிவில் சைடு சார், அந்த 1982 தீர்ப்பை மனுவுல எந்த இடத்துல சொல்றதுன்னு மட்டும் சொல்லுங்க.

சிவில் சைடு
நிலம் இன்னும் உங்க அனுபவத்துல இருக்குன்னு அடங்கல் (விஏஓ எழுதற சாகுபடிக் கணக்கு), ரசீதோட காட்டிட்டு, அதுக்கு அடுத்த பத்தியில. தங்கச்சி கல்யாணத்தை எழுதாதீங்க, தேதிகளை மட்டும் எழுதுங்க.