டெஸ்ட் டேட்டா எப்படி வந்தது என்று எழுதி வைக்க வேண்டுமா?

பெருங்குடி_டெஸ்டர்:
எங்கள் ப்ராஜெக்டில் 5000 பொய் வாடிக்கையாளர்கள் கொண்ட ஒரு சிஎஸ்வி ஃபைல் இருக்கிறது. ஆதாரின் 12-வது இலக்கத்தை வெர்ஹோஃப் என்ற கணக்கு முறையில் சரிபார்க்கும் கோடைப் போன வாரம் சேர்த்தோம். பத்தில் ஒன்பது வரி அவுட்! இலக்கங்களை யாரோ இஷ்டத்துக்கு ரேண்டமாக அள்ளிப் போட்டிருக்கிறார். அவர் வேலையை விட்டுப் போய் 2 வருடம் ஆகிறது, ஸ்கிரிப்டும் இல்லை. இனி உருவான விதத்தை எழுதாமல் எந்த டேட்டா ஃபைலும் கமிட் ஆகக் கூடாது (ப்ராஜெக்டில் சேரக் கூடாது) என்றேன். டீமில் பாதிப் பேர் சண்டைக்கு வருகிறார்கள்.

தரமணி_டெவ்:
நானும் அந்தப் பாதிதான். ரீட்மீ (விளக்க ஃபைல்) எழுதின அன்றைக்கு மட்டும்தான் உண்மை. அப்புறம் யார் திருத்துகிறார்கள்? டெஸ்ட் ஓடுகிறதா, போதும்.

குரோம்பேட்டை_அக்கா:
போதுமா? 2024-இல் எக்ஸ்இசட் யுடில்ஸ் என்ற ஃபைல் சுருக்கும் மென்பொருளில் பின்வாசல் கோடு (திருட்டுத்தனமாக நுழைய வழி) ஒளிந்திருந்ததே டெஸ்ட் ஃபைல்களுக்குள்தான். கெட்டுப்போன ஃபைலுக்கு மாதிரியாக வைத்த பைனரி ஃபைல், உள்ளே என்ன என்று யார் பிரித்துப் பார்ப்பார்கள்? எஸ்எஸ்ஹெச் (தூரத்துக் கணினிக்குள் நுழையும் வழி) லாகின் அரை நொடி இழுக்கிறதே என்று ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற இன்ஜினியர் தோண்டியிராவிட்டால் தெரிந்தே இருக்காது.

தரமணி_டெவ்:
அக்கா, நீங்கள் என் கட்சிக்கு சாட்சி சொல்கிறீர்கள். அந்த ஃபைல்களை மாற்றிய கமிட்டில் விளக்கம் இருந்தது: மறுபடி உருவாக்க வசதியாக நிலையான சீட் (ரேண்டம் எண்களைத் தொடங்கி வைக்கும் எண்) பயன்படுத்தியதாக. அழகாக எழுதிய பொய்!

குரோம்பேட்டை_அக்கா:
அதையேதான் சொல்கிறேன். எந்த சீட், எந்த ஸ்கிரிப்ட் என்று அதில் இல்லை. வாய்வார்த்தை வேண்டாம், ஸ்கிரிப்டைக் கொடு. சிஐ (மாற்றங்களைத் தானாகச் சோதிக்கும் அமைப்பு) அதை ஓட்டிப் பார்க்கட்டும், ஒரு பைட் மாறினாலும் சிவப்பு விழட்டும். பொய் டேட்டா உருவாக்கும் ஃபேக்கர் மாதிரி லைப்ரரி என்றால் வெர்ஷனையும் பூட்டி வைக்க வேண்டும். சீட் அதுவே இருந்தாலும் வெர்ஷன் மாறினால் பெயர்கள் மாறிவிடலாம்.

தரமணி_டெவ்:
ஓட்டிப் பார்த்து நாங்கள் பட்டது போதும். எங்கள் ஃபைலில் 417-வது வரியில் பிறந்த தேதி 29-02-2000. லீப் வருடத்துக்காகக் கையால் போட்டது. ஒரு புண்ணியவான் ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டினார், வரி போயே போய்விட்டது. அந்த வரி பிடித்திருக்க வேண்டிய லீப் வருட பக் நேராக ப்ரொடக்‌ஷனுக்குப் போனது.

பெருங்குடி_டெஸ்டர்:
கையால் போடும் வரிகளுக்குத் தனி ஃபைல், பக்கத்திலேயே காரணம் ஒரு வரி. இதற்காவது ஒத்துக்கொள்வீர்களா பாஸ்?

தரமணி_டெவ்:
சரி, அதற்கு மட்டும்.

குரோம்பேட்டை_அக்கா:
அந்த 417-ஐக் கையால் போட்டது யார் தம்பி?

தரமணி_டெவ்:
நான்தான் அக்கா. எழுதித்தான் வைக்கவில்லை.