எக்ஸிகியூட்டர் காட்டும் கணக்கில் தகராறு: வாரிசுரிமைச் சட்டம் 317 போதுமா, நிர்வாக வழக்கு போட வேண்டுமா?

மெட்ராஸ்_ஜூனியர்

சீனியர்கள் யாராவது வழி சொல்லுங்கள். 2019 செப்டம்பரில் இறந்தவரின் உயில். 2021 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தில் புரோபேட் (உயில் செல்லும் என்ற நீதிமன்றச் சான்று) ஆகிவிட்டது. எக்ஸிகியூட்டர் (உயிலை நிறைவேற்ற நியமிக்கப்பட்டவர்) மூத்த மகன். செலவு, கடன் போக மிஞ்சுவதில் அவருக்கும் தங்கைக்கும் ஆளுக்குப் பாதி. எங்கள் கட்சிக்காரர் தங்கை.

சொத்து: மூன்று போர்ஷன் வீடு (போர்ஷனுக்கு வாடகை 18,000), பிக்சட் டெபாசிட் 62 லட்சம், டிமேட்டில் பங்குகள், புறநகரில் ஒரு மனை. நோட்டீஸ் விட்ட பிறகுதான் இரண்டு பக்கக் கணக்கு வந்தது. 2021 மார்ச் முதல் 2024 பிப்ரவரி வரை "வாடகை மொத்தம் 14,20,000" என்று ஒரே வரி. "பராமரிப்பு 9,65,000", "நிர்வாகக் கட்டணம் 6,00,000" என்று இன்னும் இரண்டு வரி. மனையை 48 லட்சத்துக்கு விற்றதாகப் போட்டிருக்கிறார். வாங்கியவர் அவருடைய மைத்துனர். "கணக்கு சரி" என்று கையெழுத்துப் போட்டால் உடனே 20 லட்சம் தருகிறாராம். புரோபேட் ஓ.பி.யிலேயே (புரோபேட் கேட்ட மனுவிலேயே) அப்ளிகேஷன் போட்டு இந்தக் கணக்கை உடைக்க முடியுமா?

ஒரிஜினல்_சைடு_பழசு

முதல் வேலை, அந்தக் கையெழுத்தைத் தடுப்பது. இன்றைக்கு ஒவ்வொரு வரியையும் நிரூபிக்கும் சுமை அவர் தலையில் இருக்கிறது. "கணக்கு சரி" என்று எழுதிக் கொடுத்த மறுநாள், எந்த வரி எப்படித் தப்பு என்று காட்டும் சுமை உங்கள் தலைக்கு வந்துவிடும். பணம் அவசரம் என்றால் வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் ரசீதில் "பங்கில் முன்பணமாக மட்டும் பெற்றேன்; கணக்கின் மீதான என் ஆட்சேபனைகள் அப்படியே நிற்கின்றன" என்று இருக்க வேண்டும். அதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அந்த 20 லட்சம் எதற்கு விலை என்று புரிந்துவிடும்.

அடுத்து, புரோபேட் நகலை எடுத்து நிதானமாகப் படியுங்கள். ஆறு மாதத்தில் முழுச் சொத்துப் பட்டியல், ஒரு வருடத்தில் கணக்கு என்று அவர் கொடுத்த உறுதிமொழி அதிலேயே இருக்கும். இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925, பிரிவு 317 சொல்வதும் அதைத்தான். உங்கள் தேதிப்படி பட்டியல் 2021 செப்டம்பரில், கணக்கு 2022 மார்ச்சில் வந்திருக்க வேண்டும். நீதிமன்றம் அவகாசம் நீட்டியிருக்கிறதா என்று ஓ.பி. கட்டைப் பாருங்கள். தாக்கல் செய்யச் சொல்லி உத்தரவு வாங்க அப்ளிகேஷன் போடலாம், போடவும் வேண்டும். உத்தரவுக்குப் பிறகும் வேண்டுமென்றே தாக்கல் செய்யாவிட்டாலும், தெரிந்தே பொய்க் கணக்கு கொடுத்தாலும் அது குற்றம். கணக்கைப் பிரமாணப் பத்திரத்தோடு வாங்கிவிட்டால் பிறகு அவரால் கதையை மாற்ற முடியாது.

அதற்கு மேல் 317 போகாது. புரோபேட் நீதிமன்றத்தின் வேலை உயில் மெய்யா பொய்யா என்று பார்ப்பது. வவுச்சர் வவுச்சராகக் கணக்கை விசாரித்து, இவர் இவ்வளவு கட்டு என்று அங்கே சொல்ல மாட்டார்கள். அதற்கு நிர்வாக வழக்கு, அதாவது அட்மினிஸ்ட்ரேஷன் சூட் போட வேண்டும்: உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 20 விதி 13. முதலில் கணக்கு எடுக்கச் சொல்லி பிரிலிமினரி டிக்ரி (முதல்கட்டத் தீர்ப்பாணை). பிறகு ஆணை 26 விதி 11படி கணக்கைப் பார்க்க நீதிமன்றம் நியமிக்கும் கமிஷனர். அவருடைய அறிக்கை, அதன் மேல் ஆட்சேபனை, கடைசியில் பைனல் டிக்ரி. மதிப்பு ஒரு கோடியைத் தாண்டினால் உயர் நீதிமன்ற ஒரிஜினல் சைடு (வழக்கை நேரடியாக எடுக்கும் பிரிவு), இல்லாவிட்டால் சிட்டி சிவில் கோர்ட்.

மனை விஷயத்தில் அவசரப்பட்டு ப்ளெய்ன்ட் (வழக்குமனு) எழுதாதீர்கள். எக்ஸிகியூட்டரே நேராகவோ மறைமுகமாகவோ வாங்கினால்தான் வாரிசுரிமைச் சட்டம் 310படி அந்த விற்பனையை நீங்கள் ரத்து செய்யக் கேட்கலாம். மைத்துனர் என்பதால் மட்டும் அது மறைமுகம் ஆகிவிடாது. 48 லட்சம் யார் கணக்கிலிருந்து கிளம்பியது என்று காட்ட வேண்டும். காட்ட முடியவில்லை என்றால், குறைந்த விலைக்குக் கொடுத்த நஷ்டத்தை 368படி கேளுங்கள். இரண்டையும் மாற்றுக் கோரிக்கையாக வைப்பது நல்லது.

நிர்வாகக் கட்டணம் ஆறு லட்சம் எந்தக் கணக்கில்? 309படி அட்மினிஸ்ட்ரேட்டர் ஜெனரலுக்கு (இறந்தவர் சொத்தை நிர்வகிக்கும் அரசு அதிகாரிக்கு) நிர்ணயித்த விகிதத்துக்கு மேல் எடுக்க முடியாது. அது உச்ச வரம்புதான். தானாகக் கிடைக்கும் சம்பளம் இல்லை.

வவுச்சர்_ஆடிட்டர்

சட்டத்தை சார் சொல்லிவிட்டார், எண்களுக்கு வருகிறேன். இந்தக் கணக்கின் பெரிய ஓட்டை 14,20,000 இல்லை, தொடக்கத் தேதி. சொத்து எக்ஸிகியூட்டர் கைக்கு வருவது இறந்த நாளிலிருந்து. அவர் புரோபேட் மாதத்திலிருந்து எழுதியிருக்கிறார். 2019 செப்டம்பர் முதல் 2021 பிப்ரவரி வரை 18 மாதம். மாதம் 54,000 வீதம் 9,72,000 கணக்கிலேயே ஏறவில்லை. ஏறிய 36 மாதத்துக்கும் 19,44,000 வந்திருக்க வேண்டும், 5,24,000 குறைகிறது. போர்ஷன் காலியாக இருந்தது என்பார். அப்படியானால் எந்தப் போர்ஷன், எந்த மாதம், பழைய அட்வான்ஸ் திருப்பிக் கொடுத்த பதிவு எங்கே என்று கேளுங்கள். போர்ஷன் வாரியாக மின் கட்டண ரீடிங் எடுத்தால் காலியாக இருந்த மாதம் தெரிந்துவிடும்.

நீங்களே ஒரு எதிர்க் கணக்கு போடுங்கள். இறந்த தேதியில் இருந்தது, பிறகு வந்தது, விற்றதில் லாபம் ஒரு பக்கம். செலவு, கடன் அடைத்தது, பங்கு கொடுத்தது, நஷ்டம், இன்று கையிருப்பு மறுபக்கம். இரண்டும் ஒரு ரூபாய் பிசகாமல் நிற்க வேண்டும். முதலையும் வருமானத்தையும் தனித்தனியாகப் பிரியுங்கள். டெபாசிட் முதிர்ந்து வட்டியோடு புதுப்பிக்கும்போதுதான் இரண்டும் கலந்துபோகும்.

சொத்து முழுதும் பிரித்துக் கொடுத்து முடியும்வரை அதன் வருமானத்துக்கு எக்ஸிகியூட்டர் தனியாக ரிட்டர்ன் போட வேண்டும் (இந்த வருடங்களுக்கு வருமான வரிச் சட்டம் 1961, பிரிவு 168). அந்த ரிட்டர்ன், 26ஏஎஸ் (பிடித்த வரியின் பட்டியல்), ஏஐஎஸ் (வருமான வரித் துறைக்கு வந்த வருடாந்தரத் தகவல்) மூன்றையும் கேளுங்கள். டெபாசிட் வட்டியும் டிவிடெண்டும் பெரும்பாலும் அங்கே நிற்கும். இறந்தவர் பான், எக்ஸிகியூட்டரின் சொந்த பான் இரண்டிலும் தேடுங்கள். பங்குகளை ரூபாயில் ஒப்பிடாதீர்கள், எண்ணிக்கையில் ஒப்பிடுங்கள். போனஸும் ஸ்ப்ளிட்டும் அப்போதுதான் பிடிபடும். மனை 48 லட்சம் என்பதையும் கவனியுங்கள். விலையும், 2022 ஏப்ரல் முதல் அரசு வழிகாட்டி மதிப்பும், 50 லட்சத்துக்குக் கீழே இருந்தால் வாங்குபவர் ஒரு சதவீதம் டிடிஎஸ் பிடிக்கத் தேவையில்லை, அதனால் 26ஏஎஸ்ஸில் டிடிஎஸ் தடம் இருக்காது. வில்லங்கச் சான்று, பத்திர நகல், அதே தெருவில் அந்த வருடம் பதிவான மற்ற பத்திரங்கள், இவற்றையும் எடுங்கள்.

பராமரிப்புக்கு ஜெராக்ஸை ஏற்காதீர்கள், ஒரிஜினல் பில் கேளுங்கள். வெள்ளையடிப்பு, பிளம்பிங், மோட்டார் என்று மூன்று பில் வரும். தேதிகளுக்கு நடுவே எட்டு மாத இடைவெளி இருக்கும், பில் எண் மட்டும் 47, 48, 49. அந்தக் கடை எட்டு மாதமாக வேறு யாருக்குமே பில் போடவில்லையா? ஒரே பேனா, ஒரே சாய்வு, மடிப்பே விழாத தாள். இதைக் குறுக்கு விசாரணையில் காட்டினால் போதும், பேச்சே வேண்டாம்.

மெட்ராஸ்_ஜூனியர்

இருவருக்கும் நன்றி சார். இன்னொன்று. கட்சிக்காரரின் அம்மா 2012ல் பதிவு செய்த தனியார் டிரஸ்ட் ஒன்று, உடல்நலமில்லாத இன்னொரு மகளுக்காக. அதற்கும் இவரே டிரஸ்டி. கணக்கு காட்டியதே இல்லை. அதையும் இதே வழக்கில் சேர்க்கலாமா? வாரிசுரிமைச் சட்டம் 263(இ)யைக் காட்டி புரோபேட்டையே ரத்து செய்யலாம் என்றும் ஒரு யோசனை.

டிரஸ்ட்_டீட்

கலக்காதீர்கள். பயனாளி வேறு, ஆவணம் வேறு, சட்டம் வேறு. அது இந்திய டிரஸ்ட் சட்டம் 1882. பிரிவு 19படி பயனாளி கேட்டால் நியாயமான எந்த நேரத்திலும் துல்லியமான கணக்கு காட்டுவது டிரஸ்டியின் கடமை. முதலில் எழுத்தில் கேட்டு, பதில் வராததைப் பதிவாக்குங்கள். வட்டிக்குப் பிரிவு 23: பணத்தைக் கொடுக்காமல் அநியாயத்துக்குத் தாமதித்தால் சாதாரண வட்டி 6 சதவீதம், நீதிமன்றம் வேறு சொன்னால் ஒழிய. முதலீடு செய்து வட்டியைச் சேர்க்க வேண்டியதைச் செய்யாமல் விட்டால் அரையாண்டுக் கூட்டு வட்டி. சொந்த வியாபாரத்தில் போட்டிருந்தால் கூட்டு வட்டியா, வந்த லாபமா என்று பயனாளி தேர்ந்தெடுக்கலாம்.

காலவரம்பிலும் இரண்டும் வேறு. எக்ஸ்பிரஸ் டிரஸ்டி (ஆவணத்தில் வெளிப்படையாக நியமிக்கப்பட்டவர்) மீது லிமிடேஷன் சட்டம் பிரிவு 10படி காலவரம்பு ஓடாது. உயில் பங்குக்கு அதே சட்டத்தின் ஆர்ட்டிகிள் 106, பன்னிரண்டு வருடம். அதை நம்பி உட்கார்ந்துவிட வேண்டாம். வங்கிகள் பரிவர்த்தனைப் பதிவை வைத்திருக்கக் கட்டாயமான குறைந்தபட்சக் காலம் ஐந்து வருடம்தான். 2019 ஸ்டேட்மெண்ட்டுக்கு இன்றைக்கே கடிதம் போக வேண்டும்.

ஒரிஜினல்_சைடு_பழசு

263 பற்றி: முக்கிய விஷயத்தில் பொய்யான கணக்கு கொடுத்தால் ரத்துக்குக் காரணம் உண்டு, சரிதான். ஆனால் உங்கள் கட்சிக்காரர் பங்கு கேட்பதே அந்த உயிலின் கீழ். புரோபேட்டை ரத்து செய்தால், வேறு நிர்வாகி வரும்வரை வாடகை வசூலிக்கவும் டெபாசிட்டைப் புதுப்பிக்கவும் ஆள் இல்லை. அதைவிட 301 நல்ல வழி. எக்ஸிகியூட்டரை நிறுத்திவைக்கவோ நீக்கவோ, அந்த இடத்தில் வேறொருவரை வைக்கவோ உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அதற்கு அப்ளிகேஷன் போதும்.

வழக்குப் போட்ட அன்றே வாடகைக்கு ரிசீவர் (நீதிமன்றம் நியமித்து வசூலிப்பவர்), பங்கு விற்பனைக்குத் தடை இரண்டும் கேளுங்கள். வீட்டுக்காவது லிஸ் பென்டன்ஸ் (வழக்கு நடக்கும்போது விற்றாலும் வாங்கியவரைத் தீர்ப்பு கட்டும் என்ற விதி) இருக்கிறது. பங்குக்கு அது கிடையாது. தடை உத்தரவின் நகல் டெபாசிட்டரி பார்ட்டிசிபன்ட் (டிமேட் கணக்கை நடத்தும் நிறுவனம்) கைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் டிமேட் கணக்கு நிற்கும். அதை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.